கலைச்சொல் விவாதம்: பனியூதி வேண்டாம், பனியிறைப்பான் என்போம்

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

பனியை அள்ளி எறியும் ஸ்னோ ப்ளோவர் கருவிக்குத் தமிழில் ‘பனியூதி’ என்றே முடித்துவிடலாம் எனச் சென்ற வாரம் இங்கே பலர் எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக முதலில் பின்கதை. என் அக்கா வீட்டுக்காரர் கனடாவில், ஒட்டாவாவுக்கு வெளியே இருக்கிறார். ஒரு குளிர்காலத்தில் மொத்தமாக 2 மீட்டர் அளவுக்குப் பனி விழும் பகுதி. தன் சின்ன டிராக்டரின் பின்னால் இந்தக் கருவி ஒன்றை மாட்டியிருக்கிறார். அதில் பனி வெளியேறும் குழாயைத் திருப்பக் கையால் சுற்றும் பிடியைக் கழற்றிவிட்டு மோட்டார் வைக்கும் வேலை இப்போது நடக்கிறது. பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்துப் பெரியவரும் அதே டிராக்டரை ஓட்டுவார். அவருக்காகத் தமிழில் ஒரு பக்கத்துக்குக் குறிப்புத்தாள் வேண்டும் என்று மாமா கேட்டார். அம்பத்தூரில் லேத் பட்டறை வைத்திருப்பவன் என்பதால் அந்த வேலை என்னிடம் வந்தது.

கருவியின் முன்னால் அகலமான இரும்புப் பெட்டி. அதற்குள் கிடையாக ஒரு திருகு சுற்றி, இரண்டு பக்கத்துப் பனியையும் நடுவுக்கு வாரிக்கொண்டு வரும். நடுவில் பட்டைகள் வைத்த ஒரு சக்கரம் வேகமாகச் சுற்றி, வந்து விழும் பனியை அறைந்து, மேலே நிற்கும் குழாய் வழியாகத் தூர எறியும். டிராக்டர் எஞ்சினின் சுழற்சியைப் பின்னால் மாட்டும் கருவிக்குக் கொடுக்கும் பி.டி.ஓ. தண்டுதான் இரண்டையும் சுற்றுகிறது. நிமிடத்துக்கு 540 சுற்று. மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டர் ஓட்டியவர்களுக்குப் பழகிய எண். கருவியை டிராக்டரோடு மாட்டும் மும்முனை இணைப்பும் அதேதான்.

இதில் ஊதுவது எங்கே இருக்கிறது? பனியைத் தள்ளுவது காற்று இல்லை, இரும்புப் பட்டை. ஆங்கிலத்திலேயே ஸ்னோ த்ரோவர், அதாவது பனி எறிவது, என்று இன்னொரு பெயர் உண்டு. பெயர் எதுவானால் என்ன என்று விட்டுவிடலாம்தான், ஆனால் இங்கே அது ஆபத்து. ஈரப்பனி குழாயில் அடைத்துக்கொள்ளும். கையை விட்டுக் குடைபவர்கள் விரலை இழக்கிறார்கள். எஞ்சினை நிறுத்திய பிறகும், இறுகி நின்ற சக்கரம் அடைப்பு விலகியதும் வெடுக்கென்று சுற்றிவிடக்கூடும். பி.டி.ஓ.வையும் எஞ்சினையும் நிறுத்திவிட்டுக் குச்சியால்தான் குத்தி எடுக்க வேண்டும். ‘ஊதி’ என்று படிப்பவர் மனத்தில் வருவது அடுப்பங்கரை ஊதுகுழலும் காற்றும். உள்ளே இரும்பு சுற்றுகிறது என்ற எண்ணம் அந்தச் சொல்லில் வரவே வராது. குறிப்புத்தாளின் முதல் வரியே ‘கையை விடாதீர்கள்’ என்பதுதான். கருவியின் பெயர் அந்த வரிக்குத் துணை நிற்க வேண்டும்.

எனக்குச் சொல் கிடைத்தது என் அம்மாவிடமிருந்து. மாமா அனுப்பிய வீடியோவைக் காட்டினேன். மதுராந்தகம் பக்கத்துக் கிராமத்தில் வளர்ந்தவர், பனியை நேரில் பார்த்ததே இல்லை. இரண்டு விநாடி பார்த்துவிட்டு, “ஏம்பா, இது என்ன இப்படி வாரி வாரி இறைக்குது?” என்றார்.

வாரி இறைப்பது. கருவியின் இரண்டு கட்டமும் அதே வரிசையில் அம்மாவின் வாயில் வந்துவிட்டன. திருகு வாருகிறது, சக்கரம் இறைக்கிறது. இறைத்தல் என்ற வினைக்கு நம்மிடம் இரண்டு பொருள் உண்டு. கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்கிறோம், அது கீழே கிடப்பதை மேலே எடுப்பது. கோபத்தில் சாமான்களை இறைத்துப் போடுகிறோம், அது சிதற எறிவது. இந்தக் கருவி இரண்டையும் செய்கிறது. அதனால் என் முன்மொழிவு: பனியிறைப்பான். தெளிப்பான் என்ற சொல் உழவர்களிடம் எப்போதோ ஊன்றிவிட்டது, அதே அச்சில் இதுவும் உட்காரும். சுருக்கமாக ‘இறைவி’ என்று வைக்கலாமே என ஒருவர் தனிமடலில் கேட்டார். அது அம்மனின் பெயர், வேண்டாம்.

தஞ்சாவூர் நண்பர் சொன்ன ‘பனித்தூற்றி’ எனக்கும் பிடித்த சொல். களத்து வேலையிலிருந்து சொல் எடுக்க வேண்டும் என்ற அவர் எண்ணம் சரியானது. கியூபெக்கில் 1925இல் தன் பனியிறைப்பானை உருவாக்கிய ஆர்தர் சிகாருக்கே, கதிரடிக்கும் இயந்திரத்தைப் பார்த்துத்தான் அந்த யோசனை வந்தது என்பார்கள். ஆனால் தூற்றுவது பதரையும் மணியையும் காற்றில் பிரிப்பதற்கு. இங்கே பிரிக்க ஒன்றுமில்லை. ‘பனியகற்றி’ பொதுச்சொல், மண்வெட்டியும் பனியகற்றிதான், ஓரமாகத் தள்ளிக் குவிக்கும் பனிக்கலப்பையும் பனியகற்றிதான்.

பனி என்றால் நம் ஊரில் மார்கழிப் பனியாயிற்றே, வெண்பனி என்று போட வேண்டாமா என்ற கேள்விக்கு: தேவையில்லை. மார்கழிப் பனியை யாரும் டிராக்டர் வைத்து அள்ளுவதில்லை. இறைப்பான் என்ற பாதியே பொருளைத் தெளிவாக்கிவிடும்.

அப்புறம் அந்தக் குழாய். இடமும் வலமும் திரும்பும், அதன் உச்சியில் ஒரு தகடு ஏறி இறங்கும். தகடு தாழ்ந்தால் பனி பக்கத்தில் விழும், நிமிர்ந்தால் தூரம் போகும். குழாய்க்குத் ‘தூம்பு’ என்று பெயர் வைக்கலாம். ஏரித் தூம்பு, குமிழித்தூம்பு என்று நீர் வெளியேறும் வழிக்கு நாம் வைத்திருக்கும் பழைய சொல். தகட்டுக்கு ‘மடல்’, கதவு மடல், காது மடல் போல.

இனி மின்சாரப் பகுதி. எனக்கு அதிகம் தலைவலி கொடுத்தது இதுதான். எலக்ட்ரிக் கன்ட்ரோல் என்பதற்கு ‘மின்கட்டுப்பாடு’ என்று எழுதி அம்மாவிடம் படித்துக் காட்டினேன். “அங்கேயும் கரண்டு நிறுத்துறாங்களா?” என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். மின்வெட்டுக் காலத்தில் நாளிதழ்களில் நாம் படித்த சொல் அது. மின்தூக்கி என்றால் லிஃப்ட் ஆகிவிடும். ஆகவே, செய்யும் வேலையைச் சொல்லியே பெயர் வைக்கிறேன்: தூம்பைத் திருப்பும் மோட்டார் ‘தூம்புதிருப்பி’, மடலை ஏற்றி இறக்குவது ‘மடல்தூக்கி’. பாரந்தூக்கி என்று சொல்லிப் பழகிய வாய்க்கு இது கடினமில்லை.

தூம்புதிருப்பியை நானே மேசையில் கட்டிப் பார்த்தேன். புதுப்பேட்டையில் பழைய கார் ஒன்றின் கண்ணாடி ஏற்றும் மோட்டாரை வாங்கினேன். வைப்பர் மோட்டார்தான் முதலில் நினைத்தது. ஆனால் பலவற்றில் அதன் உடம்பே எர்த் ஆகிவிடும், முனை மாற்றித் திசை திருப்புவது சிக்கல். கண்ணாடி மோட்டாரில் இரண்டு ஒயரும் தனித்தனி. ரிச்சி தெருவில் ஆறு கால் உள்ள சுவிட்ச் ஒன்று, விட்டால் நடுவுக்கே திரும்பிவிடும் வகை. மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு ஒயர், நடுவில் மோட்டார், ஒரு ஃபியூஸ், 12 வோல்ட் பேட்டரி. இந்தப் பக்கம் அழுத்தினால் இடம், அந்தப் பக்கம் அழுத்தினால் வலம், விரலை எடுத்தால் நின்றுவிடும். நின்ற பிறகு அச்சைக் கையால் திருப்பப் பார்த்தேன், அசையவில்லை. உள்ளே இருக்கும் புழுப்பல்சக்கரம் (வோர்ம் கியர்) பிடித்துக்கொள்கிறது. டிராக்டர் குலுங்கினாலும் தூம்பு விட்ட இடத்திலேயே நிற்பது இதனால்தான்.

முன்பு மாமா டிராக்டரைப் பின்னோக்கி ஓட்டிக்கொண்டே, கழுத்தைத் திருப்பி, ஒரு கையால் ஸ்டியரிங்கையும் மறு கையால் தூம்பைத் திருப்பும் பிடியையும் பிடிப்பார். இப்போது தடித்த கையுறையோடு கட்டைவிரலால் அழுத்தினால் போதும். அதனால்தான் பெரிய பட்டை உள்ள சுவிட்சாகப் போடச் சொன்னேன்.

அந்தச் சுவிட்சுக்கு யாழ்ப்பாணத்தில் ‘ஆளி’ என்கிறார்கள், பள்ளிப் பாடத்திலும் அதுதான். அழகான சொல். தாளில் ‘திசையாளி’ என்று எழுதியிருக்கிறேன், பெரியவருக்கு உடனே புரியும். திருகில் கல் சிக்கினால் தான் முறிந்து கியர்பெட்டியைக் காப்பாற்றும் போல்ட்டுக்கு ‘முறியாணி’. அதன் இடத்தில் கெட்டியான போல்ட்டைப் போட்டுவிடாமலிருக்க இந்தப் பெயரே நினைவூட்டும். கஸ்டமைசேஷனுக்குச் சொல்லும் தனிப்பயனாக்கம் என்ற சொல்லை நான் தொடவில்லை. பட்டறை வேலைக்கு ‘மாற்றியமைத்தல்’ போதும்.

எனக்குப் பிடிபடாதது ஒன்றே ஒன்று. மடல்தூக்கியின் உள்ளே நேராக நீண்டு, நேராகவே உள்ளிழுத்துக்கொள்ளும் தண்டு மோட்டார் இருக்கிறதே, ஆக்சுவேட்டர் என்கிறோமே, அதற்கு என்ன சொல்வது? ‘உந்துதண்டு’ என்றால் தள்ளுவது மட்டும் வருகிறது, இழுப்பது விடுபட்டுப் போகிறது. ‘இயக்கி’ ஏற்கெனவே கணினியில் வேறு வேலையில் இருக்கிறது. நெசவு, அச்சு, மாவுமில் என எந்தத் தொழிலிலாவது இப்படி நீண்டு உள்ளிழுத்துக்கொள்ளும் உறுப்புக்குப் பெயர் கேட்டிருந்தால் எழுதுங்கள். வெள்ளிக்கிழமை இரவுதான் தாளை மாமாவுக்கு அனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்பத்தூரிலிருந்து