கழித்தலில் முதல் குறி மட்டும் மாறுகிறது

ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகள் பல்லுறுப்புக் கோவைகளைப் பிழையின்றிக் கூட்டுகிறாள். கழித்தலில்தான் மூன்று வாரங்களாகச் சறுக்குகிறாள். (5எக்ஸ்² + 3எக்ஸ் − 7) − (2எக்ஸ்² − 4எக்ஸ் + 6) என்ற கணக்கில் அடைப்புக்குறியை நீக்கும்போது முதல் உறுப்பின் குறியை மட்டும் மாற்றிவிட்டு, 3எக்ஸ்² + 7எக்ஸ் − 13 வரவேண்டிய இடத்தில் 3எக்ஸ்² − எக்ஸ் − 1 என்று எழுதுகிறாள்.

ஒத்த உறுப்புகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, கீழ்வரிசைக் குறிகள் அனைத்தையும் மாற்றிக் கூட்டினால் விடை சரியாகவே வருகிறது. கழித்தல் குறியை −1 ஆல் பெருக்குவதாக விளக்கினேன். எக்ஸுக்கு 1 எனப் பிரதியிட்டு (சரியான விடை −3, அவளுக்கு வருவது 1) சரிபார்க்கவும் வைத்தேன். பிழை இருப்பது அவளுக்குத் தெரிகிறதே தவிர, அடுத்த கணக்கிலும் கை அதே இடத்தில்தான் தவறுகிறது.

செங்குத்து முறையில் இருக்கும் தெளிவு கிடைவரிசையிலும் வருவதற்கு, எந்த இடைப்படியை எழுதப் பழக்கலாம்?