மகனை நொறுக்குத்தீனியிலிருந்து விலக்கக் கண்டிப்பு உதவுமா?

ஈசூன் அம்மா:
வணக்கம். சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்திலிருந்து எழுதுகிறேன். என் மகன் உயர்நிலை இரண்டில் படிக்கிறான். என் கணவருக்கு நீரிழிவு உண்டு. மாமியாருக்கு அந்நோயால் கால்விரலையே எடுக்க வேண்டியிருந்தது. அதைச் சொல்லிச் சொல்லித்தான் மகனை எச்சரித்து வந்தேன். இனிப்புப் பானமும் சிப்ஸும் வீட்டுக்குள் வரக்கூடாது என்று சென்ற ஆண்டே முடிவு செய்தோம். போன வாரம் அவனுடைய பள்ளிப்பையைத் துவைக்க எடுத்தபோது, பக்கப் பையில் எட்டாக மடித்த சிப்ஸ் உறைகளும், முனை கடித்து நசுங்கிய பபிள் டீ உறிஞ்சுகுழல் ஒன்றும் இருந்தன. தின்றதைவிட மறைத்ததுதான் எனக்கு வருத்தம். ஒருவர் தானாகவே விரும்பி இவற்றைத் தவிர்க்கும்படி செய்வது எப்படி?

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
அம்மா, மடித்து ஒளித்த உறைகள் எனக்குப் பழக்கமானவை. 1992 முதல் 2007 வரை நம் பள்ளிகளில் 'டிரிம் அண்ட் ஃபிட்' திட்டம் இருந்தது நினைவிருக்கலாம். எடை கூடிய பிள்ளைகளுக்குக் கூடுதல் உடற்பயிற்சி கொடுத்தோம். அதன் ஆங்கிலச் சுருக்கமான 'TAF'-ஐத் திருப்பிப் படித்தால் 'FAT', அதாவது 'குண்டு' என்று பொருள்படுவதைப் பிள்ளைகள் விரைவிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். இடைவேளையில் பெயர் வாசித்து அவர்களை வரிசையில் நிறுத்தியவர்களில் நானும் ஒருவன். அப்படி நின்ற மாணவி ஒருத்தி, பிறகு மாடிப்படிக்கு அடியில் ஒளிந்து ரொட்டி தின்றதைப் பார்த்தேன். அவள் தின்பதை நிறுத்தவில்லை, தின்னும் இடத்தைத்தான் மாற்றிக்கொண்டாள். தன் சுதந்திரம் பறிபோவதாக உணர்பவர், பறிக்கப்பட்டதையே கூடுதலாக நாடுவார் என்று ஜாக் பிரெம் என்ற அமெரிக்க உளவியலாளர் 1966-லேயே விளக்கியிருக்கிறார். உங்கள் மகன் பொய்யன் அல்லன், பதினான்கு வயதுக்காரன்.

பலதுறை மருந்தகத் தாதி:
ஆசிரியர் ஐயா கூறியதோடு உடன்படுகிறேன். மாமியாரின் கால்விரல் உங்களுக்கு நேற்று நடந்தது, அக்கா. அவனுக்கோ அது நாற்பது ஆண்டுக்குப் பிந்தைய செய்தி. கையில் இருக்கும் குளிர்ந்த கோப்பையோடு அந்த அச்சம் போட்டியிட முடியாது.

2016-ல் வெளியான ஆய்வு ஒன்றை நினைத்துப் பாருங்கள். டெக்சஸில் எட்டாம் வகுப்பு மாணவர்களிடம் ஆரோக்கியத்தைப் பற்றிப் பாடம் நடத்தாமல், உணவு நிறுவனங்கள் மக்களை அடிமையாக்கும் விதத்தில் தின்பண்டங்களை வடிவமைத்துச் சிறுவர்களைக் குறிவைத்து விற்கின்றன என்பதை எடுத்துக் காட்டினார்கள். மறுநாள் அவர்கள் குப்பை உணவைக் குறைவாகத் தேர்ந்தெடுத்தார்கள். பெரியவர்களுக்கு அடிபணியாமல், ஏமாற்றுபவனை எதிர்த்து நிற்கும் பெருமை அவர்களுக்குக் கிடைத்தது. நம் நாட்டில் 2022 இறுதியிலிருந்து பொட்டலப் பானங்களில் வரும் 'நியூட்ரி-கிரேட்' குறியீட்டையும் இப்படிப் பயன்படுத்தலாம். 100 மில்லிலிட்டரில் 10 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் மிகக் கீழான 'டி' தரம். அத்தகைய பானத்துக்கு விளம்பரம் செய்யவும் தடை. ஏன் தடை என்று அவனையே துப்பறியச் சொல்லுங்கள்.

இன்னொன்று, 'குறைத்துக்கொள்கிறேன்' என்ற பொதுவான உறுதி கடைவாசலில் கரைந்துவிடும். 'நண்பர்கள் பபிள் டீ கடைக்குப் போனால் நான் சர்க்கரை கால்பங்கு என்று சொல்வேன்' என இடத்தையும் செயலையும் இணைத்து முன்கூட்டியே அவனே முடிவு செய்வது கூடுதல் பலன் தரும். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். நானும் காப்பிக்கடையில் வாயைத் திறக்கும் முன்பே 'தே சி கோசோங்' (சர்க்கரை போடாத பால் தேநீர்) என்று மனத்துக்குள் சொல்லிக்கொள்வேன். முதல் இரண்டு வாரம் குடிக்க முடியவில்லை, அது வேறு கதை.

டாக்சிக்காரர்:
உளவியல் எல்லாம் சரி. ஆனால் அவன் தேடுவது சர்க்கரையைத்தானா? பள்ளி விட்டபின் நால்வர் கூடி நிற்க ஓர் இடம் வேண்டும், அந்தக் கடையில் குளிர்சாதனமும் உண்டு. தவிரவும், மகனுக்குத் தடை விதித்த வீட்டில் அப்பா இரவு பத்து மணிக்குப் பரோட்டா வாங்கி வருகிறாரா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அந்தக் குற்றவாளி நான்தான்.

ஈசூன் அம்மா:
எங்கள் வீட்டிலும் அதே கதைதான், அண்ணா. பரோட்டா அல்ல, முர்தபா. நேற்றிரவு மகனிடம் உறைகளைப் பற்றிப் பேசாமல், கடையில் என்ன சொல்லி வாங்குவாய் என்று மட்டும் கேட்டேன். நெடுநேரம் கழித்து, "கால்பங்கு சர்க்கரை கேட்டால் கூட்டாளிகள் சிரிப்பார்கள், அம்மா" என்றான்.