புதுப்பிப்பு: டிரான்ஸ்கிரிப்ட் ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தது

தமிழ்நாட்டில் இரண்டு வருடம் இன்ஜினியரிங் படித்துவிட்டு அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு மாறுகிறேன், நோட்டரி கையெழுத்து வாங்கி அனுப்பிய மார்க் ஷீட் நகல்களை அவர்கள் ஏற்கவில்லை, டிரான்ஸ்கிரிப்ட் (எல்லா செமஸ்டர் மதிப்பெண்ணையும் சேர்த்துக் கல்லூரியே தரும் அதிகாரபூர்வச் சான்று) முத்திரையிட்டு ஒட்டிய கவரில் வேண்டும் என்கிறார்கள், என்ன செய்வது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. வேலை முடிந்தது.

கைகொடுத்தது, "கல்லூரி ஆபீசில் அலையாதே, தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குப் போ" என்ற யோசனைதான். எங்களுடையது தேர்வைத் தானே நடத்தும் தன்னாட்சிக் கல்லூரி, அதனால் டிரான்ஸ்கிரிப்ட் அங்கேயே கிடைத்தது. விண்ணப்பம், பணம் கட்டிய சலான், நான்கு செமஸ்டர் மார்க் ஷீட் ஜெராக்ஸ் கொடுத்தேன். ஒன்பது வேலை நாள் ஆனது.

முதலில் தந்த கவரில் முத்திரை முன்பக்கம் மட்டும் இருந்தது. ஒட்டிய மடிப்பின் மேல் பாதி, கவர் மேல் பாதி விழுகிற மாதிரி முத்திரையும் கையெழுத்தும் வேண்டும் என்று சொல்லி மாற்றி வாங்கினேன். அங்கிருந்த அண்ணன் முணுமுணுத்துக்கொண்டேதான் செய்தார்.

எதிர்பாராத சிக்கல் பெயரில் வந்தது. மார்க் ஷீட்டில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக. கவர் போய்ச் சேர்ந்த பிறகும் அந்தப் பல்கலைக்கழகத்தின் விண்ணப்பத் தளத்தில் என் கணக்கில் 'வரவில்லை' என்றே காட்டியது. இரண்டு பெயரும் ஒருவரே என்று கல்லூரி லெட்டர்ஹெட்டில் கடிதம் வாங்கி ஸ்கேன் செய்து அனுப்பினேன். மூன்றாம் நாள் சரியானது.

அப்புறம், கூடுதலாக இரண்டு கவர் வாங்கியிருக்கிறேன். பிரித்தால் செல்லாது. அம்மா ஆசையாகப் பிரித்துவிடக் கூடாதே என்று பீரோவில் வைத்துப் பூட்டியாகிவிட்டது.