உடைஞ்ச டம்ளருக்குப் பதிலா புதுசு வாங்கணுமா, அப்படியே விட்டுடலாமா?

வேளச்சேரிவாசி:
எங்க வீட்டுல நாலு பேர். நான், வீட்டுக்காரர், ஆறு வயசுப் பையன், மாமியார். ரெண்டு பெட்ரூம் ஃப்ளாட், சமையலறையில ஒரு ஆள் நின்னா இன்னொரு ஆள் வெளிய வந்துடணும். லாக்டவுன் டைம்ல மொத்தத்தையும் ஒழிச்சுட்டு ஆறு கண்ணாடி டம்ளர், ஆறு ஓப்பல் தட்டு, ஆறு கிண்ணம் போதும்னு முடிவு பண்ணி மீதியை சொந்தக்காரங்களுக்குக் குடுத்துட்டோம். நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு. இப்போ டம்ளர் மூணுதான் மிச்சம், தட்டு நாலு. கடைக்குப் போனா அந்த டிசைனே இப்போ வர்றதில்லையாம், வேற டிசைன் எல்லாம் ஆறு ஆறா அட்டைப்பெட்டியில இருக்கு, பிரிச்சுத் தர மாட்டேங்குறாங்க. ஆறு வாங்கினா மொத்தம் ஒன்பது, அப்புறம் என்ன மினிமலிசம், என்ன குறைச்சு வெச்சு வாழ்றது. வீட்டுக்காரர் "உடையட்டும் விடு, தானா குறையுது"ங்குறார். நாத்தனார் குடும்பத்தோட வந்தா யார் தட்டு எண்ணிட்டு நிக்கிறதாம்? நீங்க எல்லாம் உடைய உடைய வாங்குவீங்களா?

ஒண்ணேபோதும்:
வாங்காதீங்க. உங்க வீட்டுக்காரர் சொல்றதுதான் கரெக்ட். நாலு பேருக்கு நாலு தட்டு இருக்கு, எதுவும் குறையல. விருந்தாளி வருஷத்துல எத்தனை நாள் வர்றாங்க, அந்த நாளுக்காக மீதி நாளெல்லாம் அலமாரியில இடம் குடுக்கணுமா? ஒண்ணு உடைஞ்சா அது இல்லாம கொஞ்ச நாள் இருந்து பாருங்க, கை தானா தேடினா அப்போ வாங்குங்க. என் அனுபவத்துல கை தேடவே தேடாது.

மாம்பலம் மாலா:
கண்ணாடி எதுக்கும்மா முதல்ல? எங்க வீட்டுல எங்க மாமியாருக்குச் சீர் வந்த எவர்சில்வர் டம்ளர் இருக்கு, அடியில பேர் வெட்டியிருக்கும், தேதியோட. கீழ போட்டா நசுங்கும், அவ்ளோதான், எடுத்து வெச்சு அதுலயே குடிக்கலாம். பழசு வேணாம்னா கடையில எடைக்குப் போட்டு புதுசு வாங்கிக்கலாம், ஒண்ணு வேணும்னா ஒண்ணு, ரெண்டு வேணும்னா ரெண்டு, எவன் கிட்டயும் செட்டுக்குக் கெஞ்ச வேண்டாம். மினிமலிசம்னு இப்போ வீடியோ போடுறாங்களே, நம்ம ஊர்ல டபரா டம்ளர் வெச்சுக் குடும்பம் நடத்தினவங்க எல்லாம் அதைத்தான் பண்ணாங்க. வாங்குறப்போ காந்தம் வெச்சுப் பாருங்க, ஒட்டலன்னா நல்ல சரக்கு. இன்னொண்ணு, போன் சைனான்னு கப்பு விக்கிறாங்களே, அதுல எலும்புச் சாம்பல் கலந்திருக்கு, சைவக்காரங்க தெரிஞ்சு வாங்குங்க.

ஒண்ணேபோதும்:
மாலா மேடம், உண்மைய சொல்லுங்க, உங்க லாஃப்ட்ல எத்தனை டஜன் இருக்கு?

மாம்பலம் மாலா:
லாஃப்ட் எங்க சொந்த லாஃப்ட். உங்களுக்கு என்ன?

குரோம்பேட்டை குடுவை:
கெமிஸ்ட்ரி லேப்ல இருந்து ரிட்டயர் ஆனவன், வாழ்க்கை முழுக்க கண்ணாடி உடைச்சவன்ங்குற உரிமையில சில விஷயம்.

மாலா மேடம், காந்தத்தை நம்பாதீங்க. பாத்திரத்துல ரெண்டு தரம் ரொம்பப் புழக்கத்துல இருக்கு, 304, 202. முதலாவதுல குரோமியம் சுமார் 18 சதவீதம், நிக்கல் சுமார் 8. 202ல நிக்கலைக் குறைச்சு மாங்கனீஸ் போட்டிருப்பாங்க, அதனால விலை கம்மி. ஆனா காந்தம் ரெண்டுலயும் சரியா ஒட்டாது, அதை வெச்சு தரம் பிரிக்க முடியாது. எழுத்துல என்ன போட்டிருக்குன்னு பாருங்க. எவர்சில்வர் பாத்திரத்துக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம்னு மத்திய அரசு 2024ல உத்தரவே போட்டிருக்கு.

வேளச்சேரி மேடத்துக்கு: எத்தனை வாங்குறதுன்னு யோசிக்கிறதுக்கு முன்னாடி ஏன் உடையுதுன்னு பாருங்க. ஓப்பல் தட்டைப் பல பேர் பீங்கான்னு நினைக்கிறாங்க, அது கண்ணாடிதான், உள்ள இருக்குற நுண்ணிய துகள்கள் வெளிச்சத்தைச் சிதறடிக்கிறதால வெள்ளையாத் தெரியுது. அதுல டஃபன் பண்ணினதுன்னா, அதாவது வலுவேத்தினதுன்னா, 600 டிகிரிக்கு மேல சூடாக்கி சட்டுனு காத்தடிச்சு ஆற வெச்சிருப்பாங்க, அதனால மேல்பக்கம் இறுகி நிக்கும், உள்பக்கம் இழுத்துட்டு நிக்கும். சாதாரண அடி தாங்கும், ஆனா ஆழமா ஒரு கீறல் விழுந்துட்டா என்னிக்கோ ஒரு நாள் மேஜையில சும்மா இருக்கும்போதே பொடிப்பொடியா சிதறும், அப்போதான் நம்ம ஆளுங்க திருஷ்டிம்பாங்க. கீறல் எங்கிருந்து வருதுன்னா கம்பி நார், அப்புறம் டம்ளருக்குள்ள டம்ளர் சொருகி வைக்கிறது. சாதாரண கண்ணாடி டம்ளருக்கு வேற கதை, ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த உடனே கொதிக்கிற தண்ணி ஊத்தினா ஒரு பக்கம் விரியும், மறுபக்கம் விரியாது, டப்புனு போயிடும். லேப்ல போரோசிலிகேட்ங்குற சூடு தாங்குற கண்ணாடி ஏன் வெச்சோம்னா சூட்டுல அது விரியிறது சாதாரண கண்ணாடியோட ஒப்பிட்டா மூணுல ஒரு பங்குதான்.

தினம் கழுவி வைக்கும்போது விளிம்பைச் சுத்தி ஒரு தடவை நகத்தை ஓட்டிப் பாருங்க. கண்ணுக்குத் தெரியாத சில்லு நகத்துல தட்டும். தட்டினா அன்னிக்கே தூக்கிடணும். அரால்டைட், ஃபெவிக்விக் வெச்சு ஒட்டிக் குடிக்கிற வேலை வேணாம், அது சாப்பாட்டுப் பாத்திரத்துக்கான பசை இல்ல. பேனா ஸ்டாண்டா வெச்சுக்கோங்க.

வேளச்சேரிவாசி:
சார் சூப்பர், நன்றி. எங்க வீட்டுல சிங்க்லதான் உடையுது. குக்கர், தோசைக்கல் எல்லாம் மேல விழுது. போர் தண்ணியில வெள்ளை வெள்ளையா படியுதுன்னு அழுத்தித் தேய்க்க வேண்டியிருக்கு, அதுல கீறலும் விழுந்திருக்கும்.

குரோம்பேட்டை குடுவை:
அந்த வெள்ளை சுண்ணாம்பு. தேய்க்காதீங்க, வினிகர் இல்லன்னா எலுமிச்சம்பழச் சாறுல கொஞ்ச நேரம் ஊற வைங்க, போயிடும்.

அடையார் ஆனந்த்:
சிங்க்ல உடையுதுன்னா வேலைக்காரம்மாதானே உடைக்கிறாங்க? எங்க வீட்டுல உடைஞ்சா சம்பளத்துல பிடிச்சுக்குவோம். ரெண்டு மாசத்துல உடையிறதே நின்னு போச்சு. டம்ளர் வாங்குற பிரச்சனையே இல்ல.

பெரம்பூர் ஜமுனா:
ஆனந்த் சார், உங்க டம்ளர் என்ன விலை, அவங்க ஒரு மாசத்துக்கு என்ன சம்பளம்? எங்க அம்மா இருபது வருஷம் அஞ்சு வீட்டுல பாத்திரம் தேய்ச்சவங்க. நுரைக்குள்ள கைய விட்டா உள்ள உடைஞ்சு கிடக்குறது தெரியாது, கட்டைவிரல் கிழிஞ்சு, துணிய சுத்திக்கிட்டு அடுத்த வீட்டுக்குப் போவாங்க. உடையிறது நின்னு போச்சுன்னு நினைக்கிறீங்க, உடைஞ்சதை உங்க கண்ணுல காட்டாம குப்பையில போடுறாங்கன்னு கூட இருக்கலாம். கண்ணாடிய தனியா ஒரு பிளாஸ்டிக் டப்புல போட்டு வைங்க, இல்ல நீங்களே கழுவுங்க. மூணு டம்ளர் கழுவ எவ்ளோ நேரம் ஆகும்?

அடையார் ஆனந்த்:
நான் கெட்ட எண்ணத்துல சொல்லல, பொறுப்பு வரணும்னு சொன்னேன். ஆபீஸ்ல லேப்டாப் உடைச்சா நம்மகிட்ட கேக்க மாட்டாங்களா?

பெரம்பூர் ஜமுனா:
ஆபீஸ்ல லேப்டாப் மேல குக்கரைத் தூக்கிப் போட்டு வெச்சுட்டு கேக்க மாட்டாங்க.

வேளச்சேரிவாசி:
ஜமுனா சொல்றது சரி. எங்க வீட்டுல உடைச்சது பாதி என் பையன், ஒண்ணு நானே. வேலை செய்யுற அக்காவுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, தயவுசெஞ்சு டம்ளர் பேச்சுக்குத் திரும்பி வாங்க.

பாரிஸ் பாண்டி:
ஹோட்டலுக்குப் பாத்திரம் சப்ளை பண்ற கடையில கணக்கு எழுதுறேன். நீங்க எல்லாரும் எண்ணிக்கைய புடிச்சுத் தொங்குறீங்க. ஆறா நாலான்னு இல்ல மேடம், திரும்பக் கிடைக்குமாங்குறதைத்தான் முதல்ல பாக்கணும். குறைச்சு வெச்சு வாழ்றவங்க வீட்டுல ஒண்ணு போனாலும் தெரியும், அதனால ஒத்தையா வாங்க முடியாத சாமானை நீங்கதான் வாங்கவே கூடாது. பூப்போட்ட தட்டு, கலர் விளிம்பு, கல்யாணக் கிஃப்ட் செட்டு எல்லாம் கம்பெனிக்காரன் டிசைனை மாத்தினா அம்போ. டீக்கடை கிளாஸ் பாருங்க, அந்தக் கோடு போட்ட சின்ன கிளாஸ், நான் வேலைக்கு வந்த நாள்ல இருந்து அதே உருவம்தான், நாளைக்கும் அதே உருவம்தான் இருக்கும். பிளெயின் ஜூஸ் கிளாஸ், பிளெயின் வெள்ளைத் தட்டு, அதுவும் அப்படித்தான். ஹோட்டல்காரன் வாரம் வாரம் உடைப்பான், அவனுக்குப் புது செட்டு வாங்க நேரமில்ல, அதனால மொத்தக் கடையில எப்பவும் அதே அளவு ஸ்டாக் இருக்கும். சில கடையில டஜனாத்தான் தருவாங்க, பக்கத்து வீட்டோட சேந்து வாங்கிப் பிரிச்சுக்கோங்க. மூணு டம்ளரை யாருக்காவது குடுத்துட்டு ஒரே மாதிரி ஆறு போடுங்க.

மாம்பலம் மாலா:
சம்பந்தி வந்தா டீக்கடை கிளாஸ்ல ஜூஸ் குடுக்கச் சொல்றீங்களா? நல்லா இருக்கே கதை.

பாரிஸ் பாண்டி:
அதே கிளாஸ்ல காபி ஊத்தி இப்போ பெரிய பெரிய கஃபேல இருநூறு ரூபா வாங்குறான் மேடம். சம்பந்தி அங்க போய் போட்டோ எடுத்துப் போடுவார்.

ஒண்ணேபோதும்:
பாண்டி ப்ரோ சொல்றது வாங்கவே கூடாதவனுக்கு வாங்க வழி காட்டுற மாதிரி இருக்கு. சுலபமா கிடைக்கும்னா உடைஞ்ச அன்னிக்கே ஓடிப் போய் வாங்கிடுவாங்க. இல்லாம இருக்கப் பழகுறதுதான் இதுல விஷயமே.

பெரம்பூர் ஜமுனா:
ப்ரோ நீங்க தனியா இருக்கீங்களா?

ஒண்ணேபோதும்:
ஆமா. அதுக்கும் இதுக்கும் என்ன?

பெரம்பூர் ஜமுனா:
ஒண்ணும் இல்ல, சும்மா கேட்டேன்.

குரோம்பேட்டை குடுவை:
உடைஞ்சதைத் தூக்கிப் போடுறதைப் பத்தி யாரும் பேசல. பேப்பர்ல கனமா சுத்தி, அட்டை டப்பாவுல போட்டு டேப் ஒட்டி, மேல ஸ்கெட்ச்ல கண்ணாடின்னு பெரிசா எழுதி, மக்காத குப்பையோட தனியா கையில குடுங்க. கார்ப்பரேஷன் ஆளுங்க கையாலதான் பிரிக்கிறாங்க. பாட்டிலோட சேத்து உருக்கிடுவாங்கன்னும் நினைக்காதீங்க, போரோசிலிகேட் அந்தச் சூட்டுல சரியா உருகாது, மொத்த உருக்கையும் கெடுத்துடும்.

வேளச்சேரிவாசி:
சரி, முடிவு பண்ணியாச்சு. தட்டு நாலே இருக்கட்டும், விருந்தாளி வந்தா மாமியாரோட எவர்சில்வர் தட்டு ரெண்டு இருக்கு, அதை இறக்கிக்குறேன், மாலா மேடத்துக்கு சந்தோஷமா? டம்ளர் மட்டும் பிளெயினா ஆறு. பாண்டி சார், ஞாயித்துக்கிழமை பாரிஸ் கார்னர் வந்தா கடை இருக்குமா?

பாரிஸ் பாண்டி:
ஞாயிறு முக்கால்வாசி கடை லீவு மேடம். சனிக்கிழமை மதியத்துக்குள்ள வாங்க, வண்டி எடுத்துட்டு வராதீங்க, நிறுத்த இடமே கிடைக்காது. பழைய பேப்பர் நாலு கொண்டு வாங்க, ட்ரெயின்ல உடையாம போகணும்ல.

ஒண்ணேபோதும்:
ஆறு எதுக்கு, நாலு வாங்குங்க.