மாஸ்க் போட்டுக்கொண்டு ஒருக்களித்துப் படுக்க எந்தத் தலையணை ஒத்துவரும்?

சோமனூர் தறிக்காரன்

வணக்கமுங்க. எனக்கு வயது 52, விசைத்தறி ஓட்டுகிறேன். கார்த்திகை மாதம் கோவையில் ஒரு ராத்திரி தங்கி தூக்கப் பரிசோதனை செய்தேன். மணிக்கு 34 தடவை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது என்று வந்தது. ஸ்லீப் ஆப்னியா என்று சொல்லி, மூக்கில் மாட்டும் மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்புகிற சிபாப் மெஷின் கொடுத்தார்கள். மூன்று மாதமாகப் போடுகிறேன். காலைத் தலைவலி போய்விட்டது, தறிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே கண் சொக்குவதும் இல்லை.

சிக்கல் தலையணையில்தான். மல்லாந்து படுத்தால் மூச்சு அதிகம் அடைபடுகிறது, ஒருக்களித்துப் படுங்கள் என்றார் டாக்டர். அப்படிப் படுத்தால் தலையணை ஓரம் மாஸ்க்கைத் தள்ளிவிடுகிறது, காற்று புஸ்ஸென்று கண்ணுக்குள் அடிக்கிறது. இப்போது வைத்திருப்பது இலவம்பஞ்சுத் தலையணை, இரண்டை அடுக்கிப் படுப்பேன். எங்கள் காட்டு வேலியோரத்து மரத்துப் பஞ்சில் அம்மா தைத்தது. நடுவில் 1,800 ரூபாய்க்கு ஃபோம் தலையணை ஒன்று வாங்கினேன். மாசியிலேயே கழுத்தெல்லாம் வேர்க்கிறது, சித்திரையில் எப்படிப் படுப்பது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கோபி வாத்தியார்

தம்பி, நான் ஆறு வருஷமாக மாஸ்க் போடுகிறவன். முதலில் இரண்டு தலையணை அடுக்குவதை விடுங்கள். தாடை நெஞ்சில் போய் முட்டும். சொட்டுநீர்க் குழாய் மடங்கினால் தண்ணீர் நின்றுபோகும் இல்லையா, தொண்டையும் அப்படித்தான்.

எவ்வளவு உயரம் என்பது கடைக்காரருக்குத் தெரியாது, உங்கள் தோளுக்குத்தான் தெரியும். ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு வீட்டில் ஒருவரைப் பின்னாலிருந்து பார்க்கச் சொல்லுங்கள். பின்மண்டை, கழுத்து, முதுகெலும்பு மூன்றும் ஒரே கோட்டில் இருந்தால் அதுதான் உங்கள் உயரம். மெத்தையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மெத்தென்ற ஃபோம் மெத்தையில் தோள் அமுங்கிவிடும், தாழ்வான தலையணை போதும். தேங்காய் நார் மெத்தையில் தோள் இறங்காது, கொஞ்சம் உயரம் வேண்டும். என்னுடையது நார் மெத்தை. படுத்த பிறகு 11 செ.மீ. நின்றால் எனக்குச் சரியாக இருக்கிறது.

அம்மா தைத்த தலையணையைத் தூக்கிப் போடாதீர்கள். ஃபோமில் செய்ய முடியாததை இலவம்பஞ்சில் செய்யலாம். ஓரத் தையலைப் பிரித்து, உயரம் சரியாகும் வரை பிடிபிடியாகப் பஞ்சை எடுங்கள். பிறகு மாஸ்க் வரும் மூலையில் இருக்கும் பஞ்சை உள்ளே தள்ளி, கோணி ஊசியால் குறுக்கே தையல் போட்டுவிடுங்கள். அந்த மூலை வெறும் துணியாகத் தொங்கும், மாஸ்க்குக்கு இடம் கிடைக்கும். சிபாப் தலையணை என்று கடையில் விற்பதிலும் இரு பக்கமும் வெட்டி இடம் விட்டிருப்பது இதற்குத்தான். நடுவில் பஞ்சு கட்டி தட்டினால் வெயிலில் போட்டுத் தட்டி எடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. இலவம்பஞ்சு பறக்கும். சிபாப் மெஷின் நீங்கள் படுக்கிற அறையின் காற்றைத்தான் இழுக்கிறது. தலையணைக்கு நெருக்கமான நெசவில் இரட்டை உறை போடுங்கள், ஃபில்டரை அடிக்கடி பாருங்கள். தும்மல் வருகிறது என்றால் பஞ்சே வேண்டாம்.

தூக்க ஆய்வகத்தில் வேலை

அண்ணா, 30-க்கு மேல் என்றால் கடுமையான நிலை. எந்தத் தலையணையும் மெஷினுக்கு மாற்று ஆகாது, ஒரு ராத்திரிகூட விடாதீர்கள். காற்று கசிகிறது என்று பட்டையை இறுக்கவும் வேண்டாம். இறுக்கினால் மாஸ்க் ஓரம் நசுங்கி இன்னும் கசியும், மூக்குத்தண்டில் புண்ணும் வரும். மெஷினை ஓடவிட்டு, நீங்கள் தூங்குகிற மாதிரியே ஒருக்களித்துப் படுத்து, அப்போது பட்டையைச் சரிசெய்யுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் மூக்குத் துவாரத்தில் மட்டும் பொருந்துகிற சின்ன மாஸ்க் உங்களுக்கு ஆகுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அதில் தலையணை இடிப்பது குறைவு.

பெருந்துறை அக்கா

எங்கள் வீட்டுக்காரருக்கும் இதே தொல்லைதானுங்க. பாதித் தூக்கத்தில் மல்லாந்து விடுவார். பவானி ஜமக்காளத்தை இறுக்கிச் சுருட்டி முதுகுக்குப் பின்னால் வைத்தேன், இப்போது புரள்வதில்லை. மெஷின் குழாயைத் தலைக்கு மேலே கொசுவலைக் கயிற்றில் தளர்வாகக் கட்டிவிட்டேன். குழாய் இழுக்காவிட்டாலே பாதிக் கசிவு நின்றுவிடும்.

சோமனூர் தறிக்காரன்

எல்லோருக்கும் நன்றிங்க. ஞாயிற்றுக்கிழமை அம்மாவே உட்கார்ந்து தையலைப் பிரித்தார். ஒரு முறம் நிறையப் பஞ்சு எடுத்தோம். உள்ளே இன்னும் நாலைந்து கொட்டை கிடந்தது, அதையும் பொறுக்கிவிட்டார். வலது மூலையை மட்டும் தைத்து மூன்று ராத்திரி படுத்தாயிற்று. வலது பக்கம் படுத்தால் கண்ணில் காற்று அடிக்கவில்லை. இடது பக்கம் திரும்பினால் மறுபடியும் அடிக்கிறது. அந்த மூலையையும் தைக்கப்போகிறேன். வாத்தியாரய்யா, நீங்கள் குறுக்குத் தையலை எத்தனை விரல் உள்ளே போட்டீர்கள்? என்னுடையது கொஞ்சம் அதிகம் போய்விட்டது, கன்னம் சரிகிறது.

கோபி வாத்தியார்

நாலு விரல் போதும், தம்பி. கன்ன எலும்பு பஞ்சின் மேல் இருக்க வேண்டும், மாஸ்க் மட்டும் வெளியே வரட்டும். வலது பக்கத்தையும் பிரித்துத் தைத்துவிடுங்கள்.