பொருள்: 'இ-போர்ட்ஃபோலியோ'வுக்குத் தமிழ்ச்சொல் - வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

காட்பாடியிலிருந்து, திங்கள் இரவு

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

பணியில் இருக்கும் ஆசிரியர்களுக்காக நாங்கள் இணையவழியில் நடத்தும் பயிற்சியின் நான்காம் அலகைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை மாலைக்குள் பாடம் தளத்தில் ஏற வேண்டும். ஆசிரியர் தம் வகுப்பறை வேலையின் சான்றுகளைத் தேர்ந்து, அவற்றைப் பற்றிய தம் குறிப்புகளோடு கணினியில் வைத்துக்கொள்ளும் 'இ-போர்ட்ஃபோலியோ'தான் இந்த அலகின் பொருள். தலைப்பிலேயே நின்றுவிட்டேன். 'இ-போர்ட்ஃபோலியோ' என்று அப்படியே தமிழ் எழுத்தில் எழுதிவிடலாம். சென்ற முறை அப்படித்தான் எழுதினேன். அதனால் என்ன நேர்ந்தது என்று சொன்னால்தான் நான் ஏன் சொல் கேட்கிறேன் என்பது விளங்கும்.

சேர்ந்திருந்த 32 பேரில் பெரும்பாலோர் தங்கள் பயிற்சிச் சான்றிதழ்களைப் படம் பிடித்து, ஒரே கோப்பாக இணைத்து அனுப்பிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை, ஆசிரியர் ஒவ்வொருவரும் ஆண்டுக்குக் குறைந்தது 50 மணி நேரம் பணித்திறன் மேம்பாட்டுக்குச் செலவிட வேண்டும் என்கிறது. அரசின் இணையவழிக் கற்றல் தளமான தீக்ஷா போன்றவற்றில் பாடத்தை முடித்தால் சான்றிதழ் நம் கணக்குக்கே வந்துவிடுகிறது. மணியைக் கணக்குக் காட்டுவதுதான் வளர்ச்சி என்று நாம் பழக்கிவிட்ட பிறகு, அவர்கள் வேறு எதைச் சேர்த்து வைப்பார்கள்?

ஒரே ஒருவர் மட்டும், அணைக்கட்டு என்னும் ஊர்ப் பக்கத்து நடுநிலைப்பள்ளி ஆசிரியை, வேறு விதமாக அனுப்பியிருந்தார். முதல் பக்கத்தில் ஒரு மாணவியின் கணக்கு நோட்டுப் படம். 1/3ஐ விட 1/4 பெரியது என்று அந்தப் பெண் எழுதியிருக்கிறாள். ஏனென்று கேட்டதற்கு, மூன்றைவிட நான்கு பெரியதுதானே என்றாளாம். அடுத்த பக்கத்தில் ஆசிரியையின் கையெழுத்து: "வட்டத்தை நான்காகப் பிரித்துக் காட்டினேன். வட்டம் அவளுக்குப் புரிந்தது, எண் புரிந்தது, இரண்டும் ஒன்றுதான் என்று நான் சொல்லவே இல்லை." மூன்றாம் பக்கத்தில், காகித நாடாவை மடித்து மடித்து அவர் நடத்திய மறுவகுப்பின் ஒலிப்பதிவும், அதன் கீழே இன்னொரு குறிப்பும் இருந்தன. மொத்தம் ஐந்து பக்கம், சான்றிதழ் ஒன்றுகூட இல்லை. நான் கற்பிக்க நினைத்தது இதைத்தான்.

கேட்டவுடனே எதை உள்ளே வைக்க வேண்டும் என்று உணர்த்தும் சொல் ஒன்று வேண்டும்.

இராணிப்பேட்டையிலிருந்து, செவ்வாய் காலை

அம்மா, வணக்கம். கற்றல் தளங்களை நிறுவிக் கொடுக்கும் வேலையில் இருப்பவன் என்பதால், பயன்பாட்டுப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக இருப்பதை நாம் ஏற்கெனவே இடத்துக்கு ஏற்பப் பிரித்து வைத்திருக்கிறோம். பங்குச் சந்தைக்காரருக்கு அது முதலீட்டுத் தொகுப்பு, அமைச்சருக்கு இலாகா. ஆசிரியருக்கு மட்டும் இடம் காலியாக இருக்கிறது. 'மின் பணித்தொகுப்பு' என்று வைத்துவிடலாம் என்பது என் கருத்து. 'இணைய' என்ற அடை வேண்டாம். ஜவ்வாது மலையில் சிக்னல் எட்டாத பள்ளியில் இருப்பவர் கைப்பேசியிலேயே வைத்திருந்து, கீழே இறங்கி வரும்போது ஏற்றினாலும் அது இதுதான்.

ஒரு செய்தியையும் சொல்ல வேண்டும். இதற்கென்றே உருவான கட்டற்ற மென்பொருள்களில் 'மஹாரா' பெயர்பெற்றது. நியூசிலாந்தில் 2006இல் தொடங்கப்பட்டது. அந்நாட்டுத் தொல்குடிகளான மவோரி மக்களின் மொழியில் அச்சொல்லுக்கு எண்ணம், நினைத்தல் என்று பொருள். பெயர் வைத்தவர்கள் சேமிப்பை நினைக்கவில்லை, சிந்தனையை நினைத்திருக்கிறார்கள். அம்மா கேட்பதும் அதுதான் என்று தோன்றுகிறது. ஆனால் 'தொகுப்பு' என்ற என் சொல்லில் அந்தச் சிந்தனை இல்லை என்பதையும் நானே ஒப்புக்கொள்கிறேன்.

குடியாத்தத்திலிருந்து, செவ்வாய் பிற்பகல்

அன்புடையீர்,

சொல்லின் பிறப்பைப் பார்த்துவிட்டுத் தொடங்குவது முறை. இத்தாலிய மொழியில் 'போர்த்தாஃபோலியோ' என்பது சுமத்தல் என்னும் வினையும் தாள் என்னும் பெயரும் சேர்ந்து ஆனது. தாளைக் குறிக்கும் அந்தப் பகுதி, இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இலை தாளான கதை நமக்கு அயலானதன்று. பூவின் இதழும் ஏடு, பனையின் ஓலையும் ஏடு, அந்த ஓலையில் எழுதியதும் ஏடு; இன்று நாளேடு, குறிப்பேடு என்று தாளுக்கும் அதுவே வழங்குகிறது. இரண்டு மொழிகள் ஒன்றையொன்று அறியாமலே ஒரே வழியில் நடந்திருக்கும்போது, நாம் ஏன் வேறு வழி தேட வேண்டும்? 'மின்னேடு' என்றோ 'பணியேடு' என்றோ சொல்லலாம்.

தம்பியின் 'மின் பணித்தொகுப்பு' பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மின், பின், பன், கன் என்னும் நான்கையும் தொல்காப்பியரும் நன்னூலாரும் தொழிற்பெயர் போலக் கொண்டு, வல்லினம் வரும்போது உகரம் பெறும் என்றார்கள். மின் என்பதோடு கடிது சேர்ந்தால் 'மின்னுக்கடிது' என்று ஆவதை உரையாசிரியர்கள் காட்டுவார்கள். அந்த வழியில் போனால் 'மின்னுப் பணித்தொகுப்பு' என்றல்லவா வர வேண்டும்? மின்கட்டணம், மின்கம்பம் என்று வழக்கு வேறு திசையில் போய்விட்டதை அறிவேன். அங்கெல்லாம் 'மின்' என்பது மின்னலைக் குறிக்கவில்லை, மின்சாரம் என்பதன் சுருக்கம் என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் உயிர் முதலாகும் சொல்லைத் தேர்ந்தால் இந்தச் சிக்கலே எழாது. 'மின்னேடு' என்பதில் ஒற்று இரட்டித்து இயல்பாக நிற்கிறது. காதுக்கும் இனிது.

இன்னும் ஒரு வாய்ப்பு 'சுவடி'. சுவடு என்பது அடித்தடம், எழுத்தாணி ஓலையில் பதித்ததும் தடமே, ஆகவே சுவடி என்பது தடங்களின் கட்டு என்பது என் நெடுநாள் எண்ணம். அறிஞர் சிலர் இதை ஏற்பதில்லை. ஆசிரியர் நடந்து வந்த தடம் என்னும் பொருள் 'பணிச்சுவடி'யில் தானே வந்து அமைகிறது.

ஆரணியிலிருந்து, செவ்வாய் இரவு

குடியாத்தம் புலவர் ஐயாவின் மேல் எனக்குள்ள மதிப்பு குழு அறிந்தது. இருந்தாலும் சுவடி என்றால் இன்றைக்கு மக்களுக்கு நினைவு வருவது இரண்டு: ஒன்று நூலகத்து ஓலைச்சுவடி, மற்றொன்று நாடி சோதிடம். ஏட்டுக்கோ பழமொழியே எதிரி. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சொல்லிச் சொல்லி வளர்ந்த ஆசிரியரிடம், உங்கள் வகுப்பறை வேலையை ஓர் ஏட்டில் காட்டுங்கள் என்றால், வகுப்பறைக்கும் ஏட்டுக்கும் உள்ள தூரம்தான் முதலில் அவர் மனத்தில் எழும்.

பெருமைக்கும் சிறுமைக்கும் அவரவர் கருமமே கட்டளைக்கல் என்றது குறள். ஒருவர் செய்த வேலையையே உரைகல்லாக வைப்பதுதான் இந்தக் கருவியின் உயிர் என்றால், 'கட்டளை' என்ற சொல்லுக்கே முதலிடம் தர வேண்டும். ஆனால் இன்று கட்டளை என்றால் ஆணை. சொல் நம் கையை விட்டுப் போய்விட்டது. இந்த வருத்தத்தோடுதான் கேட்கிறேன்: பொருள் திரிந்த பழஞ்சொல்லைவிட, பொருள் தெளிவான கடன்சொல் மேல் அல்லவா? 'போர்ட்ஃபோலியோ' என்றே விட்டுவிட்டு, அதன் விளக்கத்தை நல்ல தமிழில் எழுதுங்கள்.

ஆம்பூரிலிருந்து, புதன் காலை

பள்ளிக்குக் கிளம்பும் நேரம், சுருக்கமாக எழுதுகிறேன். தயவு செய்து 'ஏடு' வேண்டாம். வருகைப் பதிவேடு, மதிப்பெண் பதிவேடு, பாடக்குறிப்பேடு, இருப்புப் பதிவேடு என்று எங்கள் மேசையில் அடுக்கியிருப்பது எல்லாம் ஏடுதான். பார்வையிட அலுவலர் வரும் நாளுக்கு முன்னிரவு உட்கார்ந்து நிரப்புவது என்பதே எங்கள் அனுபவத்தில் ஏட்டின் பொருள். பணியேடு என்று பெயர் வைத்தால் அதையும் அப்படியே நிரப்பிவிடுவோம். தோற்ற வகுப்பை யாரும் அதில் எழுத மாட்டோம். அணைக்கட்டு ஆசிரியை எழுதியதைப் படித்தபோது எனக்கு மனம் நெகிழ்ந்தது. அவரைப் போல எழுதத் துணிவு தரும் சொல்லைத் தேடுங்கள்.

'போர்ட்ஃபோலியோ' என்றாலும் எங்களில் பலருக்கு அது ஆங்கிலவழிப் பள்ளியின் பொருளாகத்தான் தெரியும். ஆரணி ஐயா மன்னிக்க வேண்டும்.

காட்பாடியிலிருந்து, புதன் இரவு

ஆம்பூர் அம்மாவின் மடலை மூன்று முறை படித்தேன். ஏட்டை நான் கைவிட்டது அந்த மடலால்தான். புலவர் ஐயா காட்டிய இலை வழி எவ்வளவு அழகாக இருந்தாலும் ஆசிரியரின் அனுபவம் அதைவிடப் பெரிது.

நன்னூல் மாணாக்கரை வகைப்படுத்தும் இடத்தை நேற்றிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன். தலைமாணாக்கருக்கு அன்னத்தையும் பசுவையும் சொல்லி, கடைமாணாக்கர் வரிசையில் நெய்யை வடிகட்டும் வலையாகிய நெய்யரியை வைத்தார் பவணந்தியார். நெய்யரி நெய்யைக் கீழே விட்டுவிட்டுக் கசடைப் பிடித்துக்கொள்ளும். எனக்கு வந்து சேர்ந்த சான்றிதழ்க் கட்டுகள் அப்படிப்பட்டவை. 50 மணி நேரத்தில் கற்றது வழிந்து போயிற்று, கற்றதற்கான தாள் மட்டும் வலையில் தங்கிவிட்டது. பசுவோ வயிறார மேய்ந்துவிட்டு ஓரிடத்தில் படுத்து அசைபோடும். அந்த ஆசிரியை செய்தது அசைபோடுதல். ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் 'ரிஃப்ளெக்ஷன்' என்ற சொல்லைச் சிலர் பிரதிபலிப்பு என்றே பெயர்க்கிறார்கள். கண்ணாடியில் விழும் பிம்பத்துக்கும் தன் வகுப்பை நினைத்துப் பார்ப்பதற்கும் என்ன தொடர்பு? பாடத்தில் 'அசைபோடுதல்' என்றே எழுதப் போகிறேன்.

இனிப் பெயர். நான் 'பணிக்கோவை' என்று முன்மொழிகிறேன். தொகுத்தல் என்றால் ஓரிடத்தில் சேர்ப்பது. சேர்த்தவற்றுக்குள் உறவு இருக்க வேண்டும் என்பதில்லை. கோத்தல் அப்படியன்று. ஊசியில் நூலைக் கோக்கிறோம், நூலில் பூவைக் கோக்கிறோம். எந்தப் பூவுக்குப் பிறகு எந்தப் பூ என்று கை ஒரு கணம் நின்று தேர்கிறது. நோட்டுப் படமும் ஒலிப்பதிவும் பூக்கள் என்றால், ஆசிரியரின் குறிப்புத்தான் நூல். நூல் இல்லையேல் கோவை இல்லை. எதை உள்ளே வைப்பது, எதை விடுவது என்னும் தேர்விலேயே கற்பித்தலைப் பற்றிய ஆசிரியரின் கொள்கை அடங்கியிருக்கிறது என்று, ஆசிரியர்களுக்கான இத்தகைய தொகுப்புகளைப் பற்றி ஆழ எழுதிய அமெரிக்கக் கல்வியாளர் லீ ஷுல்மன் வற்புறுத்தினார். தேர்ந்து கோப்பது என்ற அந்தக் கருத்து 'கோ' என்ற ஓரெழுத்து வினையிலேயே இருக்கிறது. அலுவலகக் 'கோப்பு' என்பதும் அதே வேரில் பிறந்ததுதான், ஆனால் அதன் நூல் அறுந்து நெடுநாளாயிற்று.

குடியாத்தத்திலிருந்து, வியாழன் காலை

அம்மா, நெய்யரியை இங்கே கொண்டுவந்து பொருத்தியது நிறைவாக இருந்தது. ஆனால் கோவை என்பது ஒரு சிற்றிலக்கிய வகையின் பெயர். திருக்கோவையார் போன்ற நூல்களில் காதல் நிகழ்ச்சிகளைச் சொல்லும் கிளவிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்ந்து, 400 பாடல்களில் ஒரு காதல் வாழ்வைச் சொல்லி முடிப்பது அதன் இலக்கணம். ஆசிரியர் பணி அப்படி முற்றுப்பெறும் கதை அன்று. ஓய்வு பெறும் நாள் வரை வளர்வது. வளர்வதற்கு முடிந்ததன் பெயரைச் சூட்டலாமா? ஏடு வளரும், நாளும் ஓர் ஓலை சேரலாம். மேலும், கோவை என்று தனியாகச் சொன்னால் எவரும் கோயம்புத்தூரைத்தான் நினைப்பார்கள்.

இராணிப்பேட்டையிலிருந்து, வியாழன் காலை

ஐயா, ஒன்றை மட்டும் சொல்ல விரும்புகிறேன். இத்தகைய தொகுப்புகளை மூன்று நோக்கத்தில் வைப்பார்கள்: கற்று வளர, பிறருக்குக் காட்ட, மதிப்பிட. கோவை முதலிரண்டுக்கும் பொருந்தும். மூன்றும் ஒரே தளத்தில், ஒரே பொத்தானின் கீழ் இருக்கின்றன. பொத்தானில் எழுத மூன்றையும் தாங்கும் பொதுச்சொல் வேண்டும். அதனால்தான் நான் 'தொகுப்பு' என்பதை இன்னும் விடவில்லை.

ஆம்பூரிலிருந்து, வியாழன் இரவு

மதிய உணவு வேளையில் எங்கள் ஆசிரியர் அறையில் மூன்று சொற்களையும் தாளில் எழுதி, விளக்கம் எதுவும் சொல்லாமல் ஏழு பேரிடம் காட்டினேன். 'பணிக்கோவை'யைப் பார்த்த இருவர் தமிழாசிரியர்கள்; அழகு என்றார்கள், என்ன என்று கேட்டார்கள். மற்றவர்கள் கேட்கக்கூட இல்லை. 'மின்னேடு' என்றதும் இணையப் பத்திரிகையா என்றார் ஒருவர். 'மின் பணித்தொகுப்பு' என்றதற்கு ஐந்து பேர், நாம் செய்த வேலையைக் கணினியில் சேர்த்து வைப்பதா என்று கேட்டார்கள். முழுப்பொருளும் இல்லைதான், ஆனால் கதவு திறந்துவிட்டது.

பிறகு அணைக்கட்டு ஆசிரியையின் கதையைச் சொன்னேன். எங்கள் அறிவியல் ஆசிரியர் உடனே தம் கைப்பேசியை எடுத்து, காந்தத்தைப் பற்றி ஒரு மாணவன் வரைந்த படத்தைக் காட்டினார். இரண்டு ஆண்டுகளாக அழிக்காமல் வைத்திருக்கிறாராம். ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். "அன்றைக்குத்தான் நான் தவறாகச் சொல்லிக்கொடுத்தது எனக்கே தெரிந்தது" என்றார்.

காட்பாடியிலிருந்து, வெள்ளி மாலை

பாடம் ஏறிவிட்டது. தலைப்பு 'மின் பணித்தொகுப்பு'. குழுவில் கருத்துச் சொன்னவர்களில் பெரும்பாலோர் அதற்கு இசைந்தார்கள். என் மனம் இன்னும் முழுமையாக இசையவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன். அலகுக்குள் படிகளுக்குத் திரட்டல், தெரிதல், அசைபோடல், கோத்தல், பகிர்தல் என்று பெயர் கொடுத்திருக்கிறேன். சான்றிதழ்களுக்கு ஒரே ஒரு பக்கம்தான், அதுவும் கடைசியில். ஆம்பூர் அம்மாவின் இசைவோடு காந்தப் படத்தின் கதையையும், அறிவியல் ஆசிரியரின் பெயர் இல்லாமல், முதல் பத்தியில் சேர்த்திருக்கிறேன்.

குடியாத்தத்திலிருந்து, வெள்ளி இரவு

பாடத்தைப் படித்தேன். உள்ளடக்கம் நன்று. 'மின் பணித்தொகுப்பு' என்று பிரித்து எழுதியிருப்பதால் புணர்ச்சி பற்றி நான் மேலும் வற்புறுத்தவில்லை. ஆனால் அடுத்த பதிப்பு வரும்போது 'மின்னேடு' என்பதை மீண்டும் அவையின்முன் வைப்பேன். ஏட்டைப் பதிவேடாக ஆக்கியது அலுவலகம், அதற்காக நாம் ஏட்டைத் துறக்க வேண்டியதில்லை என்பதே என் நிலை. இதையும் இழையில் சேர்த்துவிடுங்கள்.