3 அடி ரீஃப் டேங்க்: எல்இடி மாட்டிய பிறகு ஜோவா திறக்கவே இல்லை, இன்னொரு லைட் வாங்கலாமா?

அடையாறு_ரீஃப்:

வணக்கம் நண்பர்களே. சென்னையில் பவளம் வளர்க்கும் 3 அடி கடல்நீர்த் தொட்டி (36 x 18 x 18 அங்குலம், சுமார் 190 லிட்டர்), சம்ப் (கீழே வைக்கும் வடிகட்டித் தொட்டி), ஸ்கிம்மர் (கழிவை நுரையாக எடுப்பது) எல்லாம் உண்டு. உள்ளே கோரல் (பவளம்) வகையில் ஜோவா மூன்று நான்கு நிறம், மஷ்ரூம், ஒரு டோட்ஸ்டூல் லெதர், மீனில் ஒரு ஜோடி க்ளவுன். இதுவரை 39 வாட் டி5 (மெல்லிய ட்யூப்லைட்) நான்கு எரிந்துகொண்டிருந்தன. எல்லாம் பழைய ட்யூப், இரண்டின் முனை கறுத்தே போய்விட்டது. நல்ல ரீஃப் ட்யூப் கிடைப்பதும் கஷ்டமாகிவிட்டதால், நீலத்துக்கு ஒன்று வெள்ளைக்கு ஒன்று என இரண்டு நாப் வைத்த 165 வாட் கருப்புப் பெட்டி எல்இடி வாங்கி, தண்ணீரிலிருந்து 8 அங்குல உயரத்தில் மாட்டினேன். நீலம் 70, வெள்ளை 50 சதவீதம். காலை 10 முதல் இரவு 10 வரை எரிகிறது.

மாட்டிய வாரத்திலிருந்தே பிரச்சினை. பாறை உச்சியில் இருக்கும் ஜோவா மூடியே கிடக்கிறது. நல்ல பச்சையாக இருந்த மஷ்ரூம் ஓரம் சுருண்டு, பாதி அளவுக்கு ஒடுங்கி, நிறமும் வெளிறிவிட்டது. லெதர் பாலிப்பை (மேலே பூ மாதிரி நீளும் சின்னக் குழல்களை) வெளியே விடவே இல்லை. பாறைக்குப் பின்பக்கம் ஒதுங்கியிருக்கும் மஷ்ரூம் ஒன்று மட்டும் எப்போதும்போல விரிந்திருக்கிறது. தண்ணீரில் எதுவும் மாறவில்லை: சலினிட்டி (உப்பின் அடர்த்தி) 1.025, வெப்பம் 26 டிகிரி, கேஹெச் (காரத்தன்மை) 8.5, நைட்ரேட் 10, பாஸ்பேட் 0.08.

என் கண்ணுக்கு டேங்க் முன்பைவிட இருட்டாகத் தெரிகிறது, வீட்டிலும் எல்லாரும் அதையேதான் சொல்கிறார்கள். போனில் லக்ஸ் (வெளிச்ச அளவு) ஆப் வைத்துப் பார்த்தால் டி5 இருந்தபோது காட்டியதைவிடக் குறைவாகக் காட்டுகிறது. வெளிச்சம் போதவில்லை என்று நினைக்கிறேன். இரண்டு நாபையும் 100 வைக்கலாமா, இல்லை இதே மாதிரி இன்னொன்று வாங்கிப் பக்கத்தில் மாட்டலாமா? அடுத்து ஒரு டார்ச் கோரல் வைக்க ஆசை, அதற்கும் சேர்த்து யோசனை சொல்லுங்கள்.

வேவ்மேக்கர்:

ப்ரோ, எல்இடியே வேண்டாம். 250 வாட் மெட்டல் ஹாலைடு ஒன்று தொங்கவிடுங்கள். அந்த வெளிச்சம் மணலில் அலையாடுவதைப் பார்த்துவிட்டால் வேறு எதுவும் பிடிக்காது. கோரல் வளர்ச்சியும் பிரமாதமாக இருக்கும்.

உப்புத்தண்ணி:

மெட்டல் ஹாலைடு அருமையான லைட் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை, ஆனால் சென்னை மே மாதத்தில் 190 லிட்டர் தொட்டிக்கு மேல் அதை எரித்தால் சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) ஓயாமல் ஓடும். இவருக்கு அது வேண்டாம்.

தம்பி, இன்னொரு லைட் வாங்காதீர்கள். நாபைக் கூட்டவும் கூட்டாதீர்கள், இன்றைக்கே குறையுங்கள். உங்கள் தொட்டியில் வெளிச்சம் அதிகமாகிவிட்டது. நீங்கள் எழுதியதிலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது: அதே தண்ணீரில், பாறை நிழலில் இருக்கும் மஷ்ரூம் நன்றாக இருக்கிறது, நேர் வெளிச்சத்தில் இருப்பவை மட்டும் ஒடுங்கியிருக்கின்றன. தண்ணீர்க் கோளாறாக இருந்தால் இரண்டும் சேர்ந்து வாடியிருக்கும். வெளிச்சம் குறைவாக இருந்தால் ஜோவாவின் தண்டு நீண்டு மேல்நோக்கி எட்டிப் பார்க்கும், மஷ்ரூம் அகலமாக விரியும், நிறம் வெளிறாமல் பழுப்படிக்கும். உங்களுக்கு நடப்பது இதற்கு நேர்மாறு.

பழைய ட்யூபுக்குக் கீழே இவ்வளவு காலம் இருந்ததால் இந்தக் கோரல்கள் குறைந்த வெளிச்சத்துக்குப் பழகிவிட்டன. கோரல் திசுவுக்குள் வாழும் ஜூசாந்தெல்லே பாசிதான் வெளிச்சத்தை உணவாக்குகிறது. மங்கலான வெளிச்சத்தில் அந்தப் பாசி நிறமியைக் கூட்டிக்கொள்ளும். திடீரென்று பல மடங்கு வெளிச்சம் விழுந்தால் அதைத் தாங்க முடியாமல் கோரல் பாசியை இழக்கிறது, வெளிறுகிறது. நிழலிலேயே வளர்ந்த வெற்றிலைக் கொடியைத் தூக்கி மொட்டைமாடி வெயிலில் வைத்தது மாதிரிதான்.

செய்ய வேண்டியது: நீலம் 20, வெள்ளை 5. மொத்தம் 8 மணி நேரம் போதும். பெட்டியை 12 முதல் 14 அங்குல உயரத்துக்குத் தூக்குங்கள். கோரலை இடம் மாற்ற வேண்டாம், அதுவும் சேர்ந்தால் இன்னும் மிரளும். திறக்க ஆரம்பித்த பிறகு வாரத்துக்கு 5 என்று நீலத்தை மட்டும் ஏற்றுங்கள், எங்கேயாவது மறுபடி சுருங்கினால் ஒரு படி இறங்கிவிடுங்கள். அப்புறம் ஒரு கேள்வி: லைட் மாற்றிய அதே சமயத்தில் தண்ணீரைச் சுத்தம் செய்யும் கார்பனும் புதிதாகப் போட்டீர்களா? புதுக் கார்பன் தண்ணீரின் மஞ்சளை எடுத்துவிடும், அதனாலேயே உள்ளே இறங்கும் வெளிச்சம் கூடும்.

நானோமீட்டர்:

உப்புத்தண்ணி சார் சொல்வது சரி. கண்ணுக்கு ஏன் இருட்டாகத் தெரிகிறது என்பதை மட்டும் நான் சொல்கிறேன், ஏனென்றால் அதை நம்பித்தான் பலர் கோரலைப் பொசுக்குகிறார்கள். நம் கண்ணுக்கு 555 நானோமீட்டர் பச்சையில்தான் கூர்மை அதிகம். 450 நானோமீட்டர் நீலத்தை அதில் நூற்றுக்கு நான்கு பங்கு அளவில்தான் உணர்கிறோம். லக்ஸ் மீட்டரும் போன் ஆப்பும் இதே கண் கணக்கில்தான் அளக்கின்றன. ஜூசாந்தெல்லேவுக்கோ அந்த நீலம்தான் முக்கியச் சாப்பாடு. கடலில் சிவப்பு முதல் சில மீட்டரிலேயே காணாமல் போய்விடும், ஆழத்துக்கு இறங்குவது நீலம்தான்.

கோரலுக்கு அளக்க வேண்டியது பார் (PAR), அதாவது 400 முதல் 700 நானோமீட்டர் வரை வந்து விழும் ஒளித்துகள்களின் எண்ணிக்கை. மஷ்ரூமுக்கு 50 முதல் 100 போதும், ஜோவா, லெதருக்கு 80 முதல் 150. அக்ரோபோரா மாதிரியான கல் பவளங்கள்தான் 250, 300க்கு மேல் கேட்கும். உங்கள் பெட்டியில் குறுகிய கோண லென்ஸ் இருந்தால் நடுப் பாறையில் மட்டும் குவித்து அடிக்கும், அங்கே ஒரு அளவு, ஒரு முழம் தள்ளி அதில் பாதிகூட இருக்காது. அபோஜி எம்க்யூ-510 மாதிரி தண்ணீருக்குள் விடும் பார் மீட்டர் தெரிந்தவரிடம் இருந்தால் ஒரு நாள் இரவல் வாங்கி, பாறை உச்சி, நடு, மணல், இரண்டு ஓரம் என்று அளந்து ஒரு தாளில் படம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். தனியாக வாங்க விலை அதிகம், நாலு பேர் சேர்ந்து வாங்கினால் கட்டுப்படியாகும். வாட்டைப் பார்த்து லைட் முடிவு செய்வதை எல்லாரும் விட்டுவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வாட் என்பது கரண்ட் பில்லுக்கு, கோரலுக்கு இல்லை.

அடையாறு_ரீஃப்:

மிக்க நன்றி அண்ணா, நன்றி நானோமீட்டர் சார். ஆமாம், அதே வாரம் கார்பனும் மாற்றினேன். இப்போது 20 / 5க்கு இறக்கிவிட்டேன். கண்ணாடியில் பாசி படிவதும் கூடியிருக்கிறது, அதற்கும் இதுதான் காரணமா? டார்ச் பற்றி யாரும் சொல்லவில்லையே?

உப்புத்தண்ணி:

12 மணி நேரமும் 50 வெள்ளையும் பாசிக்கு நல்ல விருந்து. நேரம் குறைந்தால் தானாகக் குறையும், அதற்காக மருந்து எதுவும் ஊற்றாதீர்கள்.

டார்ச் வேண்டாம் தம்பி. டார்ச், ஹேமர், அக்ரோபோரா எல்லாமே கல் பவளம். 2001 முதல் கல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலி இருக்கும் அதே அட்டவணை. கடைக்காரர் இறக்குமதி என்று வாயால் சொல்வதை நம்பி வாங்காதீர்கள். மன்னார் வளைகுடாவில் எடுத்த கல் என்று யாராவது காட்டினால் அந்தப் பக்கமே போகாதீர்கள். அந்தப் பவளத்திட்டுகள் ஏற்கெனவே 1998, 2010, 2016 என்று வெளிறி வெளிறித் தேறிக்கொண்டிருக்கின்றன, நம் வீட்டு அழகுக்காக அதிலிருந்து ஒரு துண்டுகூடப் போகக் கூடாது. ஜோவாவும் மஷ்ரூமும் லெதரும் வைத்தே கண்ணை எடுக்க முடியாத தொட்டி கட்டலாம். அவற்றுக்கு 150 பார் தாண்டத் தேவையில்லை என்பதால் உங்கள் லைட் செலவும் அதோடு முடிந்தது.

அடையாறு_ரீஃப்:

சில வாரம் கழித்து எழுதுகிறேன். உச்சியில் இருந்த ஜோவா திறந்துவிட்டது, ஒன்றிரண்டு இன்னும் பாதிதான். லெதர் முதலில் மெழுகுப்படலம் மாதிரி ஒரு தோலை உரித்துப் போட்டது, பயந்துவிட்டேன், மறுநாளே பாலிப் வந்துவிட்டது. மஷ்ரூமின் ஓரத்தில் பச்சை திரும்புகிறது. நீலம் இப்போது 35, வெள்ளை 5. மீட்டர் இரவல் கிடைத்தது: பாறை உச்சி 140, நடு மணல் 75, இரண்டு ஓரமும் 30க்குக் கீழே. அந்த ஓரங்களுக்காக இன்னொரு பெட்டி தேவையா?

நானோமீட்டர்:

உச்சியில் 140 போதும், நாபை இதோடு நிறுத்திவிடுங்கள். ஓரத்துக்காக இதே பெட்டி இன்னொன்று வேண்டாம். நடுவில் சில லென்ஸைக் கழற்றினால் வெளிச்சம் பரவும், குவிவும் குறையும். கழற்றிய பிறகு மறுபடி அளங்கள். அப்படியும் போதவில்லை என்றால் நீளமான நீல எல்இடி பட்டை ஒன்று முன்பக்கம் போடுங்கள், நிழலும் குறையும். இல்லாவிட்டால் ஓரத்தை மஷ்ரூமுக்கு விட்டுவிடுங்கள், 30லும் அது சமாளிக்கும்.

உப்புத்தண்ணி:

லெதர் தோல் உரிப்பது வழக்கம்தான், அந்தச் சமயம் அதன் மேல் நீரோட்டம் நன்றாகப் படட்டும். ஒன்று மட்டும் மறக்காமல் செய்யுங்கள். பெட்டியிலிருந்து வரும் வயரை பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு அப்புறம் மேலே கொண்டுபோய்ச் செருகுங்கள். உப்புத் தண்ணீர் வயர் வழியாக இறங்கினாலும் வளைவிலேயே சொட்டிவிடும், சாக்கெட்டுக்குள் போகாது. அந்த லைனில் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) இல்லை என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் போட்டுவிடுங்கள். பெட்டி மேல் இருக்கும் ஃபேனில் உப்பு படியும், மாதம் ஒருமுறை ஸ்விட்சை அணைத்துவிட்டு ஈரத்துணியால் துடையுங்கள். நம் ஊர்க் கடல்காற்றில் முதலில் போவது அந்த ஃபேன்தான், ஃபேன் நின்றால் சூடேறி எல்இடியும் போய்விடும்.

அடையாறு_ரீஃப்:

வளைவு விட்டாயிற்று அண்ணா. ஆர்சிசிபிக்கு நாளை ஆள் வருகிறார். ஞாயிறு லென்ஸைக் கழற்றி அளந்துவிட்டு எண்களைப் போடுகிறேன்.